டாலிகஞ்ச் என்று தேடினால்

கொல்கத்தாவின் தெற்கே, கங்கையின் பழைய தடமான ஆதிகங்கையை ஒட்டி இருக்கிறது டாலிகஞ்ச். 1770-களில் தூர்ந்து கிடந்த அந்தத் தடத்தை வெட்டிப் படகு ஓடச் செய்தவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி வில்லியம் டாலி. அவர் பெயர் கால்வாய்க்கும் ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1930-களில் பேசும்படம் வந்ததும் ஸ்டுடியோக்கள் இங்கே முளைத்தன. பி.என். சர்க்கார் 1931-இல் தொடங்கிய நியூ தியேட்டர்ஸ் அவற்றில் பெயர்பெற்றது. ஒலிப்பதிவு வேலைக்காக இந்தியா வந்திருந்த வில்ஃபோர்ட் டெமிங் என்ற அமெரிக்கர், 1932-இல் ஓர் அமெரிக்க ஒளிப்பதிவு இதழில் எழுதும்போது இந்த வட்டாரத்தை ‘டாலிவுட்’ என்று குறிப்பிட்டார். பாலிவுட், கோலிவுட் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஒரு தேடுபொறிக்கு இந்தப் பெயர் பெரிய தலைவலி. டாலிவுட் என்றால் இன்று பெரும்பாலோர் நினைப்பது தெலுங்கு சினிமாவை. வங்காளிகள் நினைப்பது டாலிகஞ்சை. ஒரே பெயர், இரண்டு பொருள். மறுபக்கம் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர்: 1986-இல் திறந்த டாலிகஞ்ச் மெட்ரோ நிலையத்துக்கு 2009-இல் வங்காளத் திரை நாயகர் உத்தம் குமாரின் நினைவாக ‘மகாநாயக் உத்தம் குமார்’ என்று பெயர் மாற்றினார்கள். ரயில் வரைபடத்தில் ஒன்று, ஊர் வாயில் இன்னொன்று. எழுத்திலோ டாலிகஞ்ச், டோலிகஞ்ச், டாலிகன்ச் என்று ஆளுக்கொரு விதம். ஆங்கிலத்தில் எழுதுவோரும் இதேபோல் பலவிதமாக எழுதுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில், படப்பிடிப்புக்கு விளக்கும் ஸ்டாண்டும் வாடகைக்கு விடும் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையதளம் வேண்டும் என்று முடிவு செய்கிறார். கன்டென்ட் எழுதித் தருகிறேன் என்று ஒருவர் வருகிறார். நான்கு நாளில் பக்கம் தயார். முதல் பத்தியிலேயே ‘டாலிகஞ்சில் சிறந்த லைட் வாடகை’ ஐந்து முறை வருகிறது. அடுத்த பத்தியில் ‘டாலிகஞ்சில் தரமான லைட் வாடகைச் சேவை’. விளக்கு என்ன விளக்கு, வாடகை எவ்வளவு, எத்தனை மணிக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது எங்கும் இல்லை. பக்கம் தேடலில் எட்டாவது திரையில் தூங்குகிறது. இதைச் சரிசெய்ய மாதச் சந்தா கேட்டு அடுத்த ஆள் போன் செய்கிறார்.

அந்தப் பக்கம் ஏன் தோற்றது என்பதற்கு விடை, கூகுளுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே தொடங்கிய ஓர் ஆராய்ச்சி மரபில் இருக்கிறது. எஸ்இஓ (தேடலில் பக்கத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்ற பெயரில் விற்கப்படும் ஆலோசனைகளில் எது சரக்கு, எது சப்தம் என்று தெரிய அந்த மரபைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும்.

நாம் தேடும்போது தேடுபொறி இணையத்துக்குள் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே தொகுத்து வைத்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. ஊர்ந்துசெல்லும் நிரல்கள் ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பக்கங்களை எடுத்து வருகின்றன. பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்தெந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் வருகிறது என்று பதிவாகிறது. சங்க நூல்களுக்குப் பதிப்பாசிரியர்கள் பின்னிணைப்பாகத் தரும் சொல்லடைவும் இதே அமைப்புதான். அளவுதான் வேறு. தன் அட்டவணையில் பல்லாயிரம் கோடிப் பக்கங்கள் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது.

ஆகவே, அட்டவணையில் ஏறாத எழுத்து தேடலில் கிடையாது. நம் ஊர்ச் சிறு வணிகர்களின் தளங்களில் இது இன்றும் நடக்கிறது. விலைப்பட்டியலை அழகாக வடிவமைத்து ஒரே படமாக ஏற்றிவிடுவார்கள். மனிதக் கண்ணுக்கு அதில் முப்பது வரி இருக்கும். நிரலுக்கு ஒரு படம் இருக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தை அது நம்பகமாகப் படித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

தமிழ் இந்தப் பாடத்தைக் கடினமாகக் கற்றது. ஒருங்குறி (யூனிகோடு) பரவும்வரை தமிழ் நாளிதழ்களின் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் ஓடின. அந்த எழுத்துரு நிறுவப்பட்ட கணினியில் தமிழ் தெரியும். அட்டவணையில் பதிவானதோ பொருளற்ற லத்தீன் குறிகளின் குவியல். பல ஆண்டுச் செய்திகள் இணையத்தில் இருந்தும் தேடலில் இல்லாமல் போயின. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்.

ஒருங்குறியிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘டோலிகஞ்ச்’ என்பதன் முதல் எழுத்தை இரண்டு வழிகளில் கணினியில் பதியலாம். ஓகாரக் குறியை ஒரே எண்ணாகப் பதிவது ஒரு வழி. முன்னால் வரும் இரட்டைக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனி எண்களாகப் பதிவது இன்னொரு வழி. திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பெரிய தேடுபொறிகள் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுகின்றன. உங்கள் சொந்தத் தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டி அப்படிச் செய்கிறதா என்பது அதை எழுதியவரைப் பொறுத்தது.

எடை

அட்டவணையில் ஏறிய பிறகு போட்டி தொடங்குகிறது. ‘கொல்கத்தா லைட் வாடகை’ என்ற மூன்று சொற்களும் உள்ள பக்கங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எது முதலில்?

1950-களின் கடைசியில் ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு யோசனை சொன்னார். ஒரு சொல் ஓர் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பது அந்த ஆவணம் எதைப் பற்றியது என்பதற்கு ஓர் அடையாளம். 1972-இல் கேம்பிரிட்ஜில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் இதன் மறுபாதியைக் கண்டார். எல்லா ஆவணங்களிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அரிதாக வரும் சொல்தான் பிரித்துக் காட்டும். கணக்கு எளிது. 10,000 பக்கங்களில் 5,000-இல் ‘சிறந்த’ என்ற சொல் வருகிறது என்று வையுங்கள். மொத்தத்தை அதனால் வகுத்தால் 2, இரண்டின் அடிமானத்தில் மடக்கை 1. ‘தெர்மாகோல்’ 10 பக்கங்களில் மட்டும் வருகிறது. வகுத்தால் 1,000, மடக்கை ஏறத்தாழ 10. படப்பிடிப்பில் ஒளியைத் திருப்ப லைட்மேன்கள் பிடிக்கும் அந்தத் தெர்மாகோல் அட்டையின் பெயர் ‘சிறந்த’ என்ற பெயரடையைப் போலப் பத்து மடங்கு எடை பெறுகிறது.

அரை நூற்றாண்டு பழைய இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் ‘தரமான’, ‘நம்பகமான’, ‘முன்னணி’ என்று பக்கத்தை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். எச்எம்ஐ, சி-ஸ்டாண்ட், ஜெனரேட்டர் வேன் என்று தொழிலில் புழங்கும் சொற்கள் வாடிக்கையாளர் வாயில் இருப்பவை. அவர் தேடுவதும் அவற்றைத்தான். எழுத வருகிற ஆளுக்கு அவை தெரியாது. கடைக்காரருக்குத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

சரி, தொழில்சொல்லையே நூறு முறை எழுதினால்? லண்டனில் ஸ்டீவன் ராபர்ட்சனும் உடன் பணிபுரிந்தவர்களும் 1994-இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். பிஎம்25 என்ற பெயருள்ள அது இன்றும் எத்தனையோ தளங்களின் உள்தேடலில் ஓடுகிறது. அதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பு ஏறிக்கொண்டே போகாமல் தேங்கிவிடும். வழக்கமான அமைப்பில், சராசரி நீளமுள்ள பக்கத்தில், சொல் ஒரு முறை வந்தால் மதிப்பு 1. இரண்டு முறை வந்தால் 1.375. பத்து முறைக்கு 1.96. நூறு முறைக்கு 2.17. எத்தனை லட்சம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தொடாது. முதல் முறை எழுதியது சம்பாதித்ததைவிட, அடுத்த தொண்ணூற்றொன்பது முறையும் சேர்ந்து சம்பாதித்தது கொஞ்சமே அதிகம். கூகுளின் சூத்திரம் பொதுவெளியில் இல்லை. ஆனால் சொல்லை அடுக்குவதை அது வெளிப்படையாகவே ஸ்பாம் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

பக்கத்தின் நீளம் பற்றி இன்னொரு மூடநம்பிக்கை உண்டு. ‘2,000 சொற்களுக்குக் குறையக்கூடாது’ என்பார்கள். நீளத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது என்ற கேள்விக்கு 1996-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. எழுதியவர்கள் மூவர்: ஜான்சியில் பிறந்த அமித் சிங்கால், கிறிஸ் பக்லி, மந்தார் மித்ரா. அதுவரை நீண்ட ஆவணங்களில் எல்லாச் சொல்லும் இயல்பாகவே அதிகம் வரும் என்று சொல்லி அவற்றின் மதிப்பெண்ணைக் குறைத்து வந்தார்கள். இந்த மூவரும் இரண்டு வளைகோடுகளை வரைந்து பார்த்தார்கள். ஒன்று, ஒரு நீளமுள்ள ஆவணம் உண்மையில் பயனுள்ளதாக இருக்கும் வாய்ப்பு. மற்றது, அந்த நீளமுள்ள ஆவணத்தை இயந்திரம் எடுத்துத் தரும் வாய்ப்பு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. இயந்திரம் குட்டை ஆவணங்களுக்கு வேண்டியதற்கு மேல் சலுகை காட்டியது, நீண்டவற்றை வேண்டியதற்கு மேல் தண்டித்தது. கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியை அச்சாக வைத்து அந்தத் தண்டனையைச் சற்றுச் சாய்த்துவிட்டார்கள். முடிவுகள் மேம்பட்டன. சிங்கால் 2000-இல் கூகுளில் சேர்ந்து அதன் தரவரிசை நிரலைத் திருத்தி எழுதினார். மந்தார் மித்ரா கொல்கத்தாவுக்கு வந்து இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். டாலிகஞ்சிலிருந்து அதே மெட்ரோ பாதையில் வடக்கே போனால் பராநகர். அந்த நிறுவனம் அங்கேதான் இருக்கிறது.

சொல்ல வந்தது இதுதான்: நீளத்துக்கு மதிப்பெண் கிடையாது, நீளத்தை ஈடுசெய்யத்தான் கணக்கு இருக்கிறது. அறுநூறு சொல்லில் முடியும் விஷயத்தை இரண்டாயிரமாக ஊதினால் கிடைப்பது தண்ணீர் கலந்த பக்கம்.

போலியின் விலை

இதுவரை பார்த்ததெல்லாம் பக்கத்தின் சொந்தக்காரர் தன்னைப் பற்றித் தானே சொன்னவை. அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பொய் சொல்ல ஒரு பைசா செலவில்லை. 1990-களின் தேடுபொறிகள் அந்த ஓட்டையில் விழுந்தன. பக்கத்தின் நிறத்திலேயே எழுதி மறைத்த சொற்கள், பார்வையாளருக்குத் தெரியாத குறிச்சொல் பட்டியல்கள் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. செர்ஜி பிரின்னும் லாரி பேஜும் 1998-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேடிக்கையான தகவல் இருக்கிறது. 1997 நவம்பரில் முன்னணியில் இருந்த நான்கு வணிகத் தேடுபொறிகளில், தன் பெயரைக் கொடுத்துத் தேடினால் தன்னையே முதல் பத்துக்குள் காட்டியது ஒன்றுதான்.

அவர்கள் வைத்த தீர்வு, பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் குறைத்துக் கேட்டு, பிறர் அதைப் பற்றிச் சொல்வதை எண்ணுவது. ஒருவர் இணைப்புகளைக் குருட்டாம்போக்காக அழுத்திக்கொண்டே போகிறார் என்று வையுங்கள். 100-இல் 85 தடவை பக்கத்தில் உள்ள ஏதோ ஓர் இணைப்பை அழுத்துகிறார். 15 தடவை சலித்துப்போய் எங்கோ ஒரு புதிய பக்கத்துக்குத் தாவுகிறார். நீண்ட காலம் இப்படி அலைந்தால் எந்தப் பக்கத்தில் அவர் எத்தனை விழுக்காடு நேரம் இருப்பார்? அதுதான் அந்தப் பக்கத்தின் பேஜ்ராங்க். பலர் சுட்டும் பக்கம் உயரும். உயர்ந்த பக்கம் சுட்டினால் இன்னும் உயரும்.

இணைப்பைப் பெறுவது சொல்லை எழுதுவதைவிடக் கடினம். அதனால் அது நல்ல சான்றாக இருந்தது. இணைப்பு விற்பனைக்கு வந்ததும் அதுவும் மலிந்தது. ஒருவரை ஒருவர் சுட்டிக்கொள்ளும் தளங்களின் பண்ணைகளே உருவாயின. 2012 ஏப்ரலில் கூகுள் பெங்குயின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அவற்றைக் களைந்தது. அதற்கு ஓராண்டு முன், 2011 பிப்ரவரியில், பாண்டா. அது கரடியின் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே பணிபுரிந்த நவ்நீத் பாண்டா என்ற பொறியாளரின் பெயர் அது. மலிவாக மொத்தமாக எழுதித் தள்ளிய கட்டுரைத் தளங்களை அது கீழே இறக்கியது. அமெரிக்காவில் 11.8 விழுக்காடு தேடல்களில் மாற்றம் தெரியும் என்று கூகுளே அறிவித்தது. பார்வையாளருக்குத் தெரியாத அந்தக் கீவேர்டு பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இலேயே சொல்லிவிட்டது. இன்றும் சில ஒப்பந்தங்களில் ‘மெட்டா கீவேர்டு 20’ என்று தனி வரியில் கட்டணம் போடுகிறார்கள்.

இந்த வரலாறு முழுவதிலும் ஒரே விதி ஓடுகிறது. செலவில்லாமல் போலி செய்ய முடிகிற எந்தச் சான்றும் நாளடைவில் மதிப்பிழக்கிறது. விலங்கியலிலும் பொருளியலிலும் இதே விதி உண்டு. மயிலின் தோகை சான்றாக நிற்பது, நோஞ்சான் மயில் அதைத் தாங்க முடியாது என்பதால்தான் என்பார்கள். தேடுபொறிக்காரர்கள் அடுத்து எதை மாற்றுவார்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் மாற்றுவார்கள் என்று சொல்லலாம். எது மலிந்துவிட்டதோ அதன் எடையைக் குறைப்பார்கள். முதலிடத்துக்கு உத்தரவாதம் யாராலும் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தருகிறேன் என்பவரிடம் அதைக் காட்டலாம்.

டாலிகஞ்ச் போன்ற ஊர்ப் பெயர்களை வைத்து நடப்பது வாசல் பக்கங்களின் வியாபாரம். ‘டாலிகஞ்சில் ஏசி பழுது’ என்று ஒரு பக்கம். அதையே நகலெடுத்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி பாலிகஞ்சுக்கு ஒன்று, ஜாதவ்பூருக்கு ஒன்று, பெஹாலாவுக்கு ஒன்று, கரியாவுக்கு ஒன்று. சென்னையில் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று இதே நாடகம் நடக்கிறது. தேடுபொறியிலிருந்து வருபவரை வேறு இடத்துக்குத் தள்ளிவிடுவதற்காகவே இருக்கும் பக்கங்கள் விதிமீறல். 2006 பிப்ரவரியில் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே இதற்காகக் கூகுள் சில நாள் தன் முடிவுகளிலிருந்து நீக்கியது. கார் நிறுவனத்துக்கு மன்னிப்பு சீக்கிரம் கிடைத்தது. ஏசி பழுது பார்ப்பவருக்கு அப்படிக் கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

எந்த டாலிவுட்

பெயர்ச் சிக்கலுக்குத் திரும்புவோம். ‘டாலிவுட் லைட் வாடகை’ என்று தேடுபவர் ஹைதராபாத்தில் இருக்கிறாரா, கொல்கத்தாவில் இருக்கிறாரா? இயந்திரத்திடம் மூன்று உதவிகள் உண்டு. தேடுபவர் இருக்கும் இடம் ஒன்று. 2012 முதல் கூகுள் கட்டிவரும் அறிவு வலை இரண்டாவது. அதில் தெலுங்கு சினிமா ஒரு பொருள், டாலிகஞ்ச் ஒரு பொருள், மெட்ரோ நிலையம் ஒரு பொருள். ஒவ்வொன்றுக்கும் பல பெயர்கள் ஒட்டியிருக்கலாம். மூன்றாவது உதவி அக்கம்பக்கத்துச் சொற்கள். 2019-இல் தேடலுக்குள் வந்த பெர்ட் என்ற மொழி மாதிரி, ஒரு சொல்லின் பொருளை அதன் இரு பக்கமும் நிற்கும் சொற்களை வைத்து ஊகிக்கிறது. அந்த ஆண்டு கடைசியில் அது 70-க்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது.

மூன்றாவதுதான் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. நம் விளக்குக் கடைக்காரர் ‘டாலிகஞ்ச்’ என்று பதினான்கு முறை எழுதுவதற்குப் பதிலாக ஒரே ஒரு முறை இப்படி எழுதினால் போதும்: மகாநாயக் உத்தம் குமார் மெட்ரோ நிலையத்துக்கு அருகே, டாலிகஞ்ச், கொல்கத்தா 700033. பழைய பெயர், புதிய பெயர், நகரம், அஞ்சல் குறியீடு நான்கும் ஒரே வரியில். ‘வங்காளத் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் குறும்படங்களுக்கும்’ என்று சேர்த்தால் தெலுங்கு டாலிவுட் தானாக விலகிவிடும். அக்கம்பக்கத்துத் தேடலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் என்ற மூன்றைப் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. தொலைவை மாற்ற முடியாது. தளத்திலும் வரைபடத்திலும் விசிட்டிங் கார்டிலும் கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் ஒன்றுபோல இருந்தால், எல்லாம் ஒரே கடைதான் என்று இயந்திரம் உறுதிகொள்ளும். முகவரியையும் கடை நேரத்தையும் இயந்திரம் படிக்கும் வடிவில் தனியே குறித்து வைக்க 2011-இல் கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா என்ற பொதுச் சொல்தொகுதியை உருவாக்கின. அதைப் போட்டுத்தர அனுபவமுள்ள ஒருவருக்கு அரை நாள் வேலை.

எழுத்துப்பிழைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், நெருங்கிய வடிவங்களைத் தேடுபொறியே இனங்கண்டுகொள்ளும். ‘டாலிகஞ்ச்’ என்பதிலிருந்து ‘டோலிகஞ்ச்’ ஒரே ஒரு குறி மாற்றத் தொலைவில் இருக்கிறது. சொற்களுக்கிடையே இப்படித் தொலைவை அளக்கும் முறையை ரஷ்யக் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்தார். பக்கத்தில் எல்லாப் பிழை வடிவங்களையும் அடுக்கி வைக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் பிழைத்திருப்பது சோம்பலால்.

வேற்றுமை உருபுதான் உண்மையான சிக்கல். டாலிகஞ்சில், டாலிகஞ்சுக்கு, டாலிகஞ்சிலிருந்து என்று தமிழ் ஒரு பெயரை எத்தனையோ விதமாக வளைக்கும். வங்காளமும் அப்படியே. ஆங்கிலத்துக்கு விகுதி வெட்டும் விதிகளை ஆள் உட்கார்ந்து எழுதிவிட்டார்கள். இந்திய மொழிகள் ஒவ்வொன்றுக்கும் யார் எழுதுவது? 2007-இல் பராநகர்ப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த பிரசன்ஜித் மஜும்தாரும் மந்தார் மித்ராவும் உடன் பணிபுரிந்தவர்களும் வேறு வழி காட்டினார்கள். இலக்கண விதி எதுவும் வேண்டாம். மொழியின் சொற்பட்டியலை மட்டும் கொடுங்கள். தொடக்கம் ஒத்து முடிவில் மட்டும் வேறுபடும் சொற்களுக்கு இடையே தொலைவைக் குறைவாகக் கணக்கிட்டு, அண்டையில் இருப்பவற்றை ஒரு குடும்பமாகக் கட்டுங்கள். வங்காளத்தில் சோதித்தபோது தேடல் கணிசமாக மேம்பட்டது.

‘மேம்பட்டது’ என்று எப்படித் தெரியும்? 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் வகுத்த சோதனை முறை இன்றும் அடிப்படை: ஒரு நிலையான ஆவணத் தொகுதி, சில கேள்விகள், எந்தக் கேள்விக்கு எந்த ஆவணம் பொருத்தம் என்று மனிதர்கள் போட்ட தீர்ப்பு. இந்திய மொழிகளுக்கு அப்படிப்பட்ட தொகுதி இல்லாதிருந்த குறையைப் போக்க ஃபயர் என்ற ஆய்வரங்கை அதே புள்ளியியல் நிறுவனம் முன்னின்று 2008-இல் தொடங்கியது. வங்காளம், இந்தி, மராத்தி செய்திகள் முதல் தொகுதியில் இருந்தன. கூகுளும் மனித மதிப்பீட்டாளர்களை வைத்திருக்கிறது. அவர்கள் தரும் மதிப்பெண் எந்தத் தனிப் பக்கத்தையும் நேரடியாக ஏற்றவோ இறக்கவோ செய்யாது. நிரலில் செய்த மாற்றம் நல்லதா என்று பார்க்கத்தான் அது. அவர்களுக்கான கையேட்டில் 2022 டிசம்பரில் ‘அனுபவம்’ என்பதைச் சேர்த்தார்கள். எழுதியவர் அந்த வேலையைச் செய்தவரா, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவரா என்ற கேள்வி அது.

அடுத்த ஆண்டுகளில் மலிந்தது முழு வாக்கியங்களே. மொழி மாதிரிகள் வந்த பிறகு, சரளமாகவும் பிழையில்லாமலும் எழுதிய ஆயிரம் சொல் கட்டுரைக்கு விலை ஏறத்தாழ பூஜ்யம். எதிர்பார்த்தபடியே அதன் எடை இறங்கியது. 2024 மார்ச்சில் கூகுள், தரவரிசைக்காகவே மொத்தமாகத் தயாரித்த பக்கங்களை, மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், விதிமீறல் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் இந்தியாவில் தேடல் முடிவுக்கு மேலேயே இயந்திரம் தொகுத்த பதில்கள் தோன்றத் தொடங்கின. ‘எச்எம்ஐ விளக்கு என்றால் என்ன’ என்று தேடுபவர் இனி யார் தளத்துக்கும் வரவேண்டியதில்லை. பொது அறிவை எழுதிப் பார்வையாளரைப் பிடிக்கும் காலம் இதோடு பெரும்பாலும் முடிந்தது.

கடைக்காரரிடம் என்ன மிச்சம்? அவருக்கு மட்டும் தெரிந்தது. 2.5 கிலோவாட் எச்எம்ஐ விளக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர் இழுக்கும். அதோடு விளக்கின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பேலஸ்டின் இழப்பும் சேரும். வீட்டிலுள்ள 6 ஆம்பியர் சாக்கெட் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றுக்கு ஒரு விளக்கு என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டாவது விளக்குக்கு ஜெனரேட்டர் வேன் கேளுங்கள். பழைய வீட்டில் படம்பிடிக்கப் போகும் மாணவருக்கு இந்த நான்கு வரி ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தும். கூடவே, நாள் வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, பல்பு வெடித்தால் யார் செலவு, லைட்மேன் கூலி வாடகையில் அடங்குமா, மழைக்காலத்தில் வெளிப்புறப் படப்பிடிப்புக்குத் தருவாரா? இவையெல்லாம் தினமும் போனில் அவர் சொல்லும் பதில்கள். கேட்கும் கேள்வியைத் தலைப்பாக வைத்து, சொல்லும் பதிலைக் கீழே எழுதினால் பக்கம் ஆகிவிட்டது. வேறு யாரிடமும் இல்லாததால் அதை நகலெடுக்க அவர் கடைக்குத்தான் வரவேண்டும்.

இதே கணக்கு தமிழ் எழுதுபவர்களுக்கும் பொருந்தும். எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி, எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’ கல்கத்தாவின் ஈஸ்ட் இந்தியா ஸ்டுடியோவில் எடுக்கப்பட்டது. சென்னையில் ஸ்டுடியோ வசதி குறைவாக இருந்த அந்த நாட்களில் தமிழ்ப் படக் குழுக்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறின. டாலிகஞ்சுக்குக் கொஞ்சம் வடக்கே லேக் மார்க்கெட் பக்கம் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த ஸ்டுடியோக்கள் இருந்த இடங்களுக்குப் போய், இன்று அங்கே என்ன இருக்கிறது என்று தேதியிட்ட படங்களோடு தமிழில் எழுதினால், போட்டிக்கு ஆள் இருப்பது சந்தேகம். தமிழில் தேடினால் கிடைக்காத நல்ல பக்கங்கள் இன்னும் லட்சக்கணக்கில் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஆங்கிலத்தில் முதல் பத்துக்குள் வர முட்டிமோதுவதைவிட அங்கே இடம் தாராளம்.

எழுதி ஏற்றிய பிறகு பார்க்க வேண்டிய இடம் கூகுளின் சர்ச் கன்சோல். இலவசம், தளம் உங்களுடையது என்று நிரூபித்தால் போதும். எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று அதில் வரும். அதிகம் காட்டப்பட்டு யாரும் அழுத்தாத தேடல்களை முதலில் பாருங்கள். தலைப்பு வேறு எதையோ சொல்கிறது, அல்லது இயந்திரம் உங்களை வேறொருவராக நினைத்துவிட்டது. பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டுவரை ஆகலாம் என்று கூகுளில் இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே வாராவாரம் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போகும். சர்ச் கன்சோலில் இந்த எண்கள் 16 மாதத்துக்குத்தான் சேமிக்கப்படுகின்றன. ஒரு துர்கா பூஜை சீசனை அடுத்த பூஜை சீசனோடு ஒப்பிட அது போதும். அதற்கு முந்தைய ஆண்டும் வேண்டுமென்றால் பழைய எண்களை அவ்வப்போது இறக்கித் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.